அத்தை ஓட்ட, மாப்பிள்ளை சொல்ல

ஒரு மாமியாரையும் ஒரு மருமகனையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனால் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் பேச மாட்டார்கள். "சாப்டீங்களா மாப்பிள்ளை?" "சாப்ட்டேன் அத்தை. நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பார்கள். மின்விசிறியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை. ஆனாலும் பார்ப்பார்கள்.

இந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மாமியார் டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஆமாம், ஓட்டுகிறவர்தான், டிக்கெட் கொடுக்கிறவர் இல்லை. இதைக் கேட்டு வாய் பிளக்கிறவர்களை அவருக்கு அறவே பிடிக்காது, அதனால் நாமும் பிளக்க வேண்டாம். விடிகாலை ஷிஃப்ட் என்பதால் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவார். மருமகன் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். ஒரு சின்னப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து அதற்குப் பல் கட்டிக் கொடுப்பான். சாயங்காலம் வருவான். இந்த இருவரையும் உறவாக்கி வைத்தவள், அதாவது அவருடைய மகள், இவனுடைய மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வர இருட்டிவிடும். அதுவரை அந்த ஹாலில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் ஏதோ முனகிக்கொண்டிருக்கும்.

மருமகன் கெட்டவன் இல்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு விசில் வராது, இவனுக்குப் பேச்சு வராது. நாள் முழுக்க ஊரார் வாயையே பார்க்கிறவனுக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லை என்று மனைவி கிண்டல் செய்வாள். அம்மா குடிவந்த புதிதில் அவள் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தாள்.

"உம் புருஷன் தங்கமான மனுஷன்தாண்டி, நான் இல்லேன்னா சொன்னேன்?" என்றார் அம்மா. "ஆனா தங்கம் என்னிக்கு வாயைத் தொறந்து பேசியிருக்கு?"

அந்த வீட்டுக்குப் பேச்சு வந்தது ஒரு மரத்தால். மருமகனுக்குக் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடுகிற பழக்கம் உண்டு. ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற பந்தயம் இல்லை. காட்டிலும் மலையிலும் மண் ரோட்டில் ஒற்றைக் காராகப் பறந்து கடிகாரத்தோடு போட்டி போடுகிற பந்தயம். ஒருநாள் சாயங்காலம் ஒரு வளைவில் காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினான். மறுபடி ஆரம்பித்து அதே மரத்தில் மோதினான். அடுத்த தடவையும் அதே மரம். சமையலறை வாசலில் டம்ளரோடு நின்ற மாமியார் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார், அவரும் தொழில்காரிதானே?

"திரும்பும்போது பிரேக்கை அமுக்காதீங்க மாப்பிள்ளை! முன்னாடியே அமுக்கிட்டு, காலை எடுத்துட்டு, அப்புறம் திருப்புங்க! அந்த மரம் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

அவன் திடுக்கிட்டு எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டான். மரியாதைக்காகக் கொடுத்தானா, பயத்தில் கொடுத்தானா என்று இன்று வரை அவனுக்கே தெரியாது. மாமியார் உட்கார்ந்தார். மேஜையில் மாட்டியிருந்த ஸ்டியரிங்கைத் தட்டிப் பார்த்து "பொம்மை மாதிரி இருக்கு" என்றார். முதல் வளைவில் அவர் பிரேக்கை மிதித்த மிதி, ஜனம் நிறைந்த பஸ்ஸை நிறுத்துகிற மிதி. பெடல் தரையோடு வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் இடித்தது. மறுநாளே மருமகன் ஒரு பலகையை வெட்டிப் பெடலுக்கு முட்டுக் கொடுத்தான்.

இந்த வகைப் பந்தயத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அடுத்து என்ன வளைவு, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். விளையாட்டில் அதற்கென்று ஒரு இங்கிலீஷ் குரல் இருந்தது. மாமியாருக்கு அந்தக் குரலைக் கேட்டாலே ஆகவில்லை. "யாருங்க இந்த ஆளு? வட்டிக்காரன் மாதிரி மூச்சு விடாம கத்துறான்" என்றார். மருமகன் குரலை நிறுத்தினான். நிறுத்திய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கம்ப்யூட்டர் அரதப் பழசு, திரையோ சின்னது, பக்கத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது எல்லாம் ஒரே கலங்கல். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

"உங்களுக்குத்தான் வழி தெரியுமே, நீங்க சொல்லுங்க" என்றார் மாமியார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அத்தை ஓட்டுவார், மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்வான். இருவருக்கும் மட்டும் புரிகிற ஒரு பாஷையும் உண்டாகிவிட்டது. வழுக்குகிற இடம் 'சோப்பு'. ஊசி போல மடிகிற வளைவு 'கொண்டை'. கார் அந்தரத்தில் எகிறுகிற மேடு 'ஐயோ'. "வலது, மெதுவா, அடுத்தது ஐயோ, இறங்கின உடனே இடது கொண்டை, சோப்பு, சோப்பு அத்தை!" என்று அவன் அலறுவான். பட்டறையில் பல்லை ராவிக்கொண்டே அத்தனை ரோட்டையும் மனப்பாடம் செய்தான். ஒருநாள் மனைவி சீக்கிரம் வந்தவள், "அமுக்குங்க அத்தை, அமுக்குங்க! இன்னும் என்ன பயம் உங்களுக்கு?" என்று தன் புருஷன் கத்துவதை மாடிப்படியில் கேட்டுவிட்டு, செருப்பு ஒரு பக்கம் பை ஒரு பக்கம் என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளே வந்து பார்த்தால் அம்மாவும் புருஷனும் வேர்த்து விறுவிறுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்கு அந்தச் சாயங்காலங்கள் அவ்வளவு பிடித்திருந்தன. நாள் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் அங்கே கொட்டுவான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவனுக்கு வார்த்தை தடுக்குவதில்லை. அவன் சொன்னதை ஒருவர் கேட்டார், கேட்டதோடு விடாமல் அதன்படி திருப்பினார். அம்மா அப்பா தவறிப் பல வருஷம் ஆகியிருந்த அவனுக்கு, "சொல்லுங்க மாப்பிள்ளை" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே பட்டறையிலிருந்து வேகமாக வீட்டுக்கு வரத் தோன்றியது.

இப்படி இருக்கும்போது மாமியார் ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எல்லாம் சரிதான் மாப்பிள்ளை, தூரம்தான் கஞ்சி மாதிரி தெரியுது" என்றார். சும்மா சொன்னதுதான். சொல்லிவிட்டு அவர் போய்த் துணி மடித்தார். ஆனால் நம்ம ஆளுக்கு அது போதாதா? அன்றிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு. அத்தைக்குத் தூரத்தைத் தெளிவாகக் காட்டிவிட வேண்டும். ஃபோர்-கே என்கிறார்களே, பழைய திரையைப் போல நாலு மடங்கு புள்ளி, அது வேண்டும்.

ஆசை இருந்தால் ஆயிற்றா, கையில் இருப்பது என்ன? புது போன் வாங்க ஒதுக்கி வைத்திருந்தது இருந்தது. விரிசல் விட்ட பழைய போனுக்கு ஒரு டேப்பை ஒட்டிவிட்டு, பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்குப் போனான். கடையை நடத்துவது ஒரு அக்கா. வாய் ஓயாத அக்கா. அவன் பேசாததை எல்லாம் சேர்த்து அவரே பேசிவிட்டார்.

"மொத்தமா புதுசா வாங்குறேன்னு கிளம்பாதீங்க தம்பி, சொத்தை எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும். படம் பெருசாக ஆக, பாரம் எல்லாம் கிராஃபிக்ஸ் கார்டு தலையிலதான். உங்க பிராசசர் அது பாட்டுக்குக் கிடக்கட்டும், அதைத் தொடாதீங்க. கார்டு செகண்ட் ஹேண்டுல நல்லதா நான் தரேன். ஆனா பவர் சப்ளை மட்டும் புதுசு. அதுல போய்க் கஞ்சத்தனம் பண்ணீங்கன்னா வீடு புகையும், அப்புறம் என் பேரைச் சொல்லக் கூடாது. திரைக்கு மானிட்டர் எதுக்கு? எங்கேயாவது ஷோரூம்ல காட்சிக்கு வெச்ச டிவி கீறலோட சல்லிசா வரும், பாருங்க. பெட்டியை அளந்துட்டு வாங்க, இந்தக் கார்டு நீளம் ஜாஸ்தி."

அவன் அளந்தான். பல்லுக்கு அளவெடுக்கிற அதே கவனத்தோடு, ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளந்தான். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை அளந்தான். நடுவில் ஹார்ட் டிஸ்க் உட்கார ஒரு தகரக் கூண்டு இருப்பதை மட்டும் அளவில் சேர்க்கவில்லை. கார்டை வாங்கி வந்து உள்ளே நுழைத்தால் கூண்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பிக் கொடுத்தால் அந்த அக்கா வாயாலேயே அடிப்பார். என்ன செய்வான்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே போனான். பல் ராவுகிற மிஷினில் தகரம் வெட்டுகிற வட்டை மாட்டினான். சிங்கப்பல்லுக்கு வடிவம் கொடுக்கிற பக்குவத்தோடு கூண்டை வெட்டி எடுத்து, முனைகளை வழவழப்பாக்கி, தூளைத் துடைத்து, வீட்டுக்குக் கொண்டு வந்தான். கார்டு சமத்தாக உள்ளே போய் உட்கார்ந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் அன்று முழுக்க "கம்ப்யூட்டருக்குப் பல் வலியா?" என்று கேட்டது தனிக் கதை.

மூலையில் கீறல் விழுந்த டிவியும் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாமியார் டியூட்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினான். படம் வந்தது. அடேயப்பா, என்ன தெளிவு! ஆனால் காரை நகர்த்தினால் விக்கல் எடுத்தது போல விட்டு விட்டு நகர்ந்தது. கார்டு மோசமோ, ஏமாந்துவிட்டோமோ என்று அவன் பெட்டியைத் திறந்து திறந்து மூடினான். மனைவிதான் அக்காவுக்கு போன் போட்டாள்.

"எந்தக் கேபிளைச் சொருகினாரு? பழைய திரையோட கேபிளா?" மறுமுனையில் அக்கா சிரிக்கிற சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. "புதுத் தண்ணித் தொட்டி கட்டிட்டுப் பழைய சின்னக் குழாயை மாட்டினா தண்ணி சொட்டத்தான் செய்யும். தடியா ஒரு கேபிள் குடுத்தேனே, அதைக் கவரோட தூக்கிப் போட்டுட்டாரா?"

குப்பைக்கூடையிலிருந்து கேபிள் மீட்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவன் சும்மா இருக்கவில்லை. நிழலின் நயத்தைக் கொஞ்சம் குறைத்தான், தண்ணீரில் தெரிகிற பிம்பத்தைக் குறைத்தான், கார்டு படத்தைச் சற்றுச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வசதியைப் போட்டான். தூரத்தில் மட்டும் கை வைக்கவில்லை. கடைசி மலையில் நிற்கிற கடைசி மரம் வரை தெரிந்தது.

"ஏம்ப்பா, நமக்குக் கல்யாணம் ஆனப்போ எனக்கு ஒரு மிக்ஸி வாங்க இவ்வளவு அலைஞ்சியா நீ?" என்றாள் மனைவி. "எங்கம்மா மேல உனக்கு இருக்கிற பாசத்துல ஒரு கால்வாசி எம்மேல காட்டு, போதும்." சொல்லிவிட்டு அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த தகரத்தூளைத் தட்டிவிட்டாள்.

மாமியார் வந்தார். சீருடையைக்கூட மாற்றாமல் திரைக்கு முன்னால் நின்றுவிட்டார். "என்னங்க மாப்பிள்ளை இது! இலை இலையா தெரியுது! அங்க வேலி ஓரத்துல நிக்கிற ஆள் சட்டையில பட்டன் தெரியுதுங்க!" என்று சின்னப் பிள்ளையாகக் குதித்தார். மருமகனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானான். கார் கிளம்பியது.

"இடது, அப்புறம்..."

"தெரியுது மாப்பிள்ளை!"

"அடுத்தது ஐயோ..."

"பாத்துட்டேன், பாத்துட்டேன்!"

"வலது கொண்..."

"அட, அது அங்கேயே தெரியுதே!"

கார் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. வழுக்கலில் வழுக்கவில்லை. பந்தயம் முடிந்தபோது இதுவரை அவர்கள் ஓட்டியதிலேயே அதுதான் அதிவேகம் என்று திரை சொன்னது. மனைவி கைதட்டினாள். மாமியார் எழுந்து நின்று மருமகனைப் பார்த்து, "கண்ணைத் தொறந்து விட்டுட்டீங்க மாப்பிள்ளை" என்றார். அவனும் சிரித்தான். ஆனால் வாய்க்குள் மிச்சமிருந்த 'டை' என்ற எழுத்து அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த நாளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் உட்கார்ந்த இடத்தில் போனை நோண்டினான். பிறகு, "நீங்க ஓட்டுங்க அத்தை, நான் காய் நறுக்குறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டான். பிறகு பட்டறையிலேயே தாமதமானது. வேலை இருந்து தாமதமாகவில்லை. சும்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்தால் "சாப்டீங்களா மாப்பிள்ளை?" "சாப்ட்டேன் அத்தை." மின்விசிறி பழையபடி பார்வைக்கு வந்துவிட்டது. சில நாளில் மாமியார் ஓட்டுவதையும் குறைத்துவிட்டார். அவ்வளவு பெரிய டிவி கறுப்பாக நின்றது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று அவனுக்கு உறைத்தது. போனுக்கு வைத்திருந்ததைக் கொடுத்து, கூண்டை வெட்டி, கேபிள் மாட்டி, தன்னைத் தானே அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. அத்தை சந்தோஷமாகத்தான் இருந்தார், அவன் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். அப்படியும் மனசு கேட்கவில்லை. அந்தச் சாயங்காலங்கள் போய்விட்டால் அவருக்கும் தனக்கும் நடுவே மறுபடி சாப்பாடு ஒன்றைத் தவிர வேறு பேச்சு இருக்காது என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வரும்போல இருந்தது. பல்செட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்து அடக்கிக்கொண்டான்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். நல்ல காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருநாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். மாமியார் குளித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு, ஃபோர்-கேயை எடுத்துவிட்டு, பழைய கலங்கல் அளவுக்குப் படத்தை இறக்கி வைத்தான். பெரிய டிவியில் பழைய கலங்கல் இன்னும் பெரிய கலங்கலாகத் தெரிந்தது. திருடன் மாதிரி குளியலறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஓட்டலாமா அத்தை?" என்றான். மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். கார் கிளம்பியது. முதல் வளைவில் சமாளித்தார். அடுத்ததில் ஒரு பாறையை உரசினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையையே ஒரு கணம் பார்த்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவன் சொன்னான் பாருங்கள்! மடை திறந்த மாதிரி சொன்னான். இடது, வலது, ஐயோ, கொண்டை, சோப்பு, ரெட்டைச் சோப்பு, அத்தை பாலம், அத்தை மாடு, அது மாடு இல்லை வைக்கோல்கட்டு, போங்க போங்க! இருவரும் சேர்ந்து ஒரு பள்ளத்தில் விழுந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி போனார்கள். இப்படியே அந்த வாரம் ஓடியது. அவன் பட்டறையிலிருந்து ஓடி வருவான், உட்காருவான், சொல்வான். ராத்திரி படுத்தால் மட்டும் குறுகுறுக்கும். அத்தையின் கண்ணைக் கட்டிவிட்டு அல்லவா தான் சந்தோஷப்படுகிறோம் என்று புரண்டு புரண்டு படுப்பான். காலையில் மாற்றிவிட வேண்டும் என்று நினைப்பான். காலையில் மாற்ற மாட்டான்.

ஒருநாள் மருந்துக்கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று மனைவியைச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். அவள் வந்து திரையைப் பார்த்ததும் கேட்டாள்: "என்னப்பா இது, டிவி போயிடுச்சா? பூசணிக்காயைப் பிசைஞ்ச மாதிரி இருக்கு! இதுக்கா அவ்வளவு செலவு பண்ணே? அந்த அக்கா ஏமாத்திட்டாங்களா? இரு, நான் போன் போட்டு நாலு கேள்வி கேக்குறேன்."

"இல்ல... அது..." அவன் இழுத்தான். அந்த அக்கா என்ன பாவம் செய்தார்? "கார்டு நல்லாத்தான் இருக்கு. அவங்க மேல தப்பில்ல. நான்தான்... நான்தான் குறைச்சு வெச்சேன்."

"குறைச்சு வெச்சியா? எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். மாமியார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "நீ சும்மா இருடி" என்றார். "எனக்கு முதல் நாளே தெரியும்."

அவன் தலை நிமிர்ந்தான்.

"வண்டிக் கண்ணாடி தொடைச்சிருக்கா தொடைக்கலையான்னு டிரைவருக்குத் தெரியாதாங்க மாப்பிள்ளை? நேத்து வரைக்கும் பட்டன் தெரிஞ்ச ஆளுக்கு இன்னிக்கு மூஞ்சியே காணோம். எனக்கென்ன கண்ணா போச்சு?"

"அப்ப ஏன் அத்தை கேக்கல?"

"கேட்டா நீங்க மாத்திடுவீங்க. மாத்திட்டா மறுபடி காய் நறுக்கப் போயிடுவீங்க" என்றார் மாமியார். பிறகு திரையைப் பார்த்தபடியே பேசினார். மருமகனை நேராகப் பார்த்து இவ்வளவு நீளமாகப் பேச அவருக்கும் கூச்சம். "எம்மேலயும்தான் தப்பு. தெளிவா தெரிஞ்ச சந்தோஷத்துல 'தெரியுது, தெரியுது'ன்னு உங்க வாயை அடைச்சுட்டேன். நீங்க எழுந்து போனப்புறம்தான் உறைச்சுது. என்னன்னு கூப்பிடுறது? வழி தெரியுது, ஆனாலும் வந்து உக்காருங்கன்னா? கிறுக்கிம்பீங்க."

"ஐயோ அத்தை..."

"இருங்க, சொல்லிடுறேன். பஸ்ஸுல என் தலைக்கு மேல ஒரு பலகை இருக்கும், பாத்திருப்பீங்க. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' வேலையில சேந்த நாள்லேர்ந்து அதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். பின்னாடி ஜனம் சிரிக்கும், சண்டை போடும், போன்ல ஊர்க்கதை எல்லாம் பேசும். எல்லாம் எனக்கு முதுகுலதான் கேக்கும். எங்கிட்ட ஒருத்தர் பேச மாட்டாங்க. பேசக் கூடாது, அது சரிதான், நான் குத்தம் சொல்லல. ஆனா வாழ்க்கை பூரா ஓட்டியிருக்கேன், ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து எனக்காக ஒரு ஆள் பேசினது இந்த வீட்டுக்கு வந்துதான் மாப்பிள்ளை."

மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். மருமகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான். பட்டனைத் தட்டித் தட்டி, படத்தை மறுபடி ஃபோர்-கேக்கு ஏற்றினான். மலை தெரிந்தது, மரம் தெரிந்தது, வேலியோரத்து ஆளுக்குப் பட்டனும் வந்துவிட்டது.

"உக்காருங்க" என்றார் மாமியார். அவன் உட்கார்ந்தான். கார் கிளம்பியது. ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவு போனது. அவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

"என்னத்தைச் சொல்றது அத்தை? எல்லாம்தான் தெரியுதே."

"வழியை விடுங்க. அதை டிவி பாத்துக்கும். நீங்க வேற எதையாவது சொல்லுங்க. இன்னிக்குப் பட்டறையில என்ன நடந்துச்சு?"

அவனை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பல்லைப் பற்றி யார் கேட்பார்கள்? அவன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"ஒரு பெரியவர் வந்தாரு அத்தை. டாக்டர்கிட்ட போகாம நேரா எங்ககிட்டயே வந்துட்டாரு. நான் கட்டிக் குடுத்த செட்டு வேண்டாமாம். வரிசை ரொம்ப அழகா இருக்காம். முன்னாடி இருந்த மாதிரி நடுவுல ஒரு சந்து வேணுமாம்."

"சந்தா?" மாமியார் கொண்டை ஊசி வளைவை அலட்சியமாகத் திருப்பினார்.

"ஆமா அத்தை. பேத்தி அந்தச் சந்துல பட்டாணி வெச்சு விளையாடுமாம். இப்ப இவர் சிரிச்சா, 'இது எங்க தாத்தா இல்ல'ன்னு கதவைச் சாத்திடுதாம். நான் என்ன பண்றது? சந்து எவ்வளவு பெருசுன்னு கேட்டேன். அவரு பையில கையை விட்டு, ஒரு பட்டாணியை எடுத்து என் மேஜையில வெச்சாரு. 'இந்த அளவு'ன்னாரு."

மாமியார் சிரித்தார். ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கார் வளைவை விட்டு, வேலியை உடைத்து, சரிவில் உருண்டு, அடியில் ஒரு கூழாங்கல் விடாமல் தெரிகிற ஓடைக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தது.

"அம்மா, வண்டி!" என்று கத்தினாள் மகள்.

"கிடக்கட்டும்டி" என்றார் மாமியார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நாற்காலியை மருமகன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அப்புறம் மாப்பிள்ளை? சந்து வெச்சுக் குடுத்தீங்களா, இல்லையா?"